கிளிப் முடி: மலிவு யாருக்கு?

பழுகாமம் வயல் சூழ்ந்த ஊர். கலியாண வீட்டுக்கோ சாமத்திய வீட்டுக்கோ அலங்காரச் சாமான் வேண்டுமென்றால் பட்டிருப்புப் பாலம் தாண்டிக் களுவாஞ்சிகுடிக்கு வரவேண்டும். அங்கே கிடைக்காவிட்டால் கல்முனைக்கோ மட்டக்களப்பு நகருக்கோ பஸ் ஏறவேண்டும். இன்று அந்தச் சாமான் எதிர்த்திசையில் வருகிறது. கைத்தொலைபேசியில் படத்தைப் பார்த்து ஓடர் போட்டால், சில நாட்களில் கூரியர்க்காரர் படலையடியில் வந்து நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். அப்படி வரும் பொதிகளில் தலைமயிரும் உண்டு. ஐந்து கிளிப் வைத்துத் தைத்த, இடுப்புவரை நீண்ட கருமுடி ஒன்றை ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் வாங்கிவிடலாம்.

இந்தப் பொதியைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்கவேண்டியிருக்கிறது. உள்ளே இருப்பது என்ன? அது எங்கிருந்து வந்தது? சொன்னது ஒன்று, வந்தது வேறொன்று என்றால் வாங்கியவர் என்ன செய்யலாம்? மூன்றையும் ஆராய்ந்தால் வந்து சேரும் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாம். செயற்கை நார் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லி விற்கப்படும் மலிவு முடி, பெரும்பாலும் கொடுத்த காசுக்குப் பெறுமதியானது. அதே விலைக்கு ‘நூறு வீதம் மனித முடி’ என்று விற்கப்படுவதுதான் ஏமாற்று.

யாருக்கு, எதற்கு

இரவல் முடி மட்டக்களப்புக்குப் புதிதல்ல. பரதநாட்டியம் ஆடும் பிள்ளைக்குச் சவுரி வைத்துப் பின்னி, குஞ்சம் தொங்கவிடுவது எல்லா அரங்கேற்றத்திலும் உள்ள வழக்கம். கூத்துக் களரியில் பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடிய காலம் நீண்டது. அந்த ஒப்பனையும் பொய்முடி இல்லாமல் நிறைவதில்லை. மணப்பெண்ணுக்குக் கொண்டை போடும் அலங்காரக்காரர் தம் பெட்டியில் இரண்டு மூன்று சவுரி வைத்திருப்பார். அதன் வாடகை அலங்காரக் கூலியோடு சேர்ந்துவிடும்.

தலைமயிருக்கு இந்தப் பக்கத்தில் வேறொரு கனமும் உண்டு. பழுகாமத்தில் திரௌபதை அம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். சபையில் அவிழ்ந்த கூந்தலைப் பழி தீரும்வரை முடியேன் என்றவளின் கதையைக் கேட்டே வளர்ந்த ஊர் இது. முருகன் கோயிலில் மொட்டை போடும் நேர்த்திக்கடனும் இங்கே சாதாரணம். அடர்ந்து நீண்ட கூந்தல் பெண்ணின் நிறைவு என்ற எண்ணம் இத்தகைய மண்ணில் எளிதில் மாறுவதில்லை. மயிர் மெலிந்தவள் அதைக் குறையாகவே நினைக்கிறாள்.

கிளிப் முடி கொண்டுவந்த மாற்றம், அலங்காரக்காரரின் பெட்டியில் இருந்த பொருளை ஒவ்வொரு வீட்டு அலுமாரிக்கும் நகர்த்தியதுதான். முன்பு வாழ்நாளில் ஓரிரு முறை வாடகைக்கு எடுத்ததை இன்று பள்ளிக்கூடப் பிரியாவிடைக்கும், பிறந்தநாள் படத்துக்கும், டிக்டொக் காணொளிக்கும் சொந்தமாக வாங்குகிறார்கள். இன்னொரு கூட்டம் இருக்கிறது. அது வெளியே சொல்வதில்லை. டெங்கு போன்ற கடுங்காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலைமயிர் கொத்தாகக் கொட்டுவது உடலின் இயல்பு. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தானாக மீளும். அந்த இடைவெளியை மறைக்க வாங்குபவர்களுக்கு இது பகட்டுப் பொருளல்ல. நாலு பேர் முன்னால் போவதற்கான தைரியம். ஆகவே ‘இது எல்லாம் தேவையா’ என்ற வழக்கமான உபதேசத்தோடு இந்த விடயத்தை முடித்துவிட முடியாது.

இஸ்லாமிய மார்க்கத்தின் கண்ணோட்டத்தையும் குறிப்பிடவேண்டும். முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் அலங்காரப் பொருள் வியாபாரம் பெரிது. ஆனால் முடியோடு முடி இணைப்பதை நபிமொழிகளின் அடிப்படையில் இஸ்லாமிய அறிஞர்கள் பெரும்பாலும் விலக்கியே வந்திருக்கிறார்கள்.

பொதிக்குள் இருப்பது

சந்தையில் உள்ளவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது செயற்கை நார். ஜப்பானில் 1957இல் விற்பனைக்கு வந்த கனேகலோன் என்ற மொடக்ரிலிக் நார்தான் இதில் பேர்போனது. இன்று இணையத்தில் மலிவாக வருபவற்றில் பொலியெஸ்டர் நாரும் பி.வி.சி. நாரும் நிறைய. இரண்டாவது மனித முடி. மூன்றாவது இரண்டையும் கலந்தது. கலந்தது என்று பெட்டியில் எழுதியிருப்பது அரிது.

எது எது என்று கண்டுபிடிக்க ஆய்வுகூடம் வேண்டாம். கிளிப்பின் அடியில், தைத்த இடத்துக்குப் பக்கத்திலிருந்து நாலைந்து இழைகளை வெட்டி, இடுக்கியால் பிடித்து, பீங்கான் கோப்பை ஒன்றின் மேல் நெருப்பில் காட்டினால் போதும். மனித முடி சுருண்டு எரியும். பன்றி மயிர் பொசுக்கும்போது வரும் நாற்றம் மூக்கில் அடிக்கும், முடிப் புரதத்தில் கந்தகம் இருப்பதால். மிஞ்சும் சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பொலியெஸ்டர் இழை எரிவதற்கு முன்பே உருகிப் பின்வாங்கும். பிளாஸ்டிக் மணம் வரும். நுனியில் ஒரு கறுத்த மணி உறையும், அது நசுங்காது. மொடக்ரிலிக் நெருப்பை எடுத்தவுடன் அணைந்து கரடுமுரடான கரியாக இறுகும். ஒரே கொத்தில் பொடியும் மணியும் சேர்ந்து வந்தால் அது கலப்பு. இந்தச் சோதனையை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் செய்வது போதாது. வெளி வரிசையில் மனித முடியும் உள் வரிசையில் நாரும் வைத்துத் தைப்பதுண்டு.

செயற்கை நாரின் பலவீனம் வெப்பம். அலங்காரக்காரரிடம் அடிக்கடி நடக்கும் பேச்சு இதுதான்:

“இதுக்கு அயன் பிடிக்கலாமா அக்கா?”

“பிடிச்சிராத புள்ள. உருகி அயனோட ஒட்டிரும். சுருட்டுறண்டா சுடுதண்ணியில முக்கி எடு.”

அக்கா சொல்வது சரி. நாருக்குத் தொழிற்சாலையில் கொடுத்த வடிவத்தை மாற்றச் சுடுநீர் போதும். ‘வெப்பம் தாங்கும்’ என்று எழுதிய நார்கூட, முடியை நேராக்கும் கருவியின் உச்ச வெப்பத்தைத் தாங்குவதில்லை.

எங்கிருந்து வருகிறது

மனித முடிக்கு இரண்டு பெரிய ஊற்றுகள் உண்டு. ஒன்று கோயில். திருப்பதியில் மொட்டையடிக்கும் இடமான கல்யாணகட்டாவில் காணிக்கையாக விழும் முடியைத் தேவஸ்தானம் நீளவாரியாகத் தரம் பிரித்து மின்னேலத்தில் விற்கிறது. பழனி போன்ற தமிழ்நாட்டுக் கோயில்களின் முடியும் ஏலம் போகிறது. தலையிலிருந்து ஒரே வெட்டில் எடுத்து, வேர்ப்பக்கமும் நுனிப்பக்கமும் மாறாமல் கட்டிய முடி இது. வியாபாரத்தில் ‘ரெமி’ என்பார்கள். விலை உயர்ந்தது இதுவே.

மற்றது சீப்பில் சிக்கும் முடி. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் தெருத்தெருவாக வரும் வியாபாரி, வீட்டுப் பெண்கள் உருட்டி வைத்த சிக்கு முடியை வாங்கிக்கொண்டு பாத்திரமோ பிளாஸ்டிக் சாமானோ சில்லறையோ கொடுப்பார். அந்த உருண்டைகள் கர்நாடகத்தின் கொப்பள் மாவட்டத்துப் பாக்யநகர், மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத், மியன்மாரின் பியாவ்ப்வே போன்ற இடங்களுக்குப் போகின்றன. அங்கே பெண்கள் நாள் முழுவதும் குனிந்திருந்து இழை இழையாகச் சிக்கெடுக்கிறார்கள். லண்டனைச் சேர்ந்த மானுடவியலாளர் எம்மா டார்லோ 2016இல் வெளியிட்ட நூலில் இந்தப் பாதையை ஊர் ஊராகப் பின்தொடர்ந்து எழுதியிருக்கிறார்.

இரண்டு ஊற்றிலிருந்தும் பெருமளவு சென்று சேருமிடம் சீனா. அதிலும் ஹெனான் மாகாணத்துச் சூசாங் நகரம். உலகின் பொய்முடித் தலைநகரம் என்றே அதைச் சொல்லலாம். அலிஎக்ஸ்பிரஸ் முதலிய தளங்களில் கடை விரித்திருப்பவர்களில் பலர் அங்குள்ள உற்பத்தியாளரும் இடைத்தரகருமே. நம் முகநூல் கடைகளில் பல, அங்கிருந்து தொகையாக எடுத்து இங்கே சில்லறையாக விற்பவை.

இந்த வியாபாரம் நெடுகிலும் அரசியலோடு பின்னியது. 1960களின் நடுவில் அமெரிக்கா ‘கம்யூனிச முடி’ வேண்டாமென்று சீன முடிக்குத் தடை போட்டது. அந்த இடைவெளியில் வளர்ந்தது தென்கொரியா. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் பொய்முடி அந்நாட்டின் முன்னணி ஏற்றுமதிகளில் ஒன்று. 1979 ஓகஸ்டில், சியோலின் வை.எச். என்ற பொய்முடி நிறுவனம் தொழிற்சாலையை மூடியதை எதிர்த்து அதன் பெண் தொழிலாளர்கள் எதிர்க்கட்சித் தலைமையகத்தில் உள்ளிருந்து போராடினார்கள். பொலிசார் புகுந்து அடித்து அப்புறப்படுத்தியபோது கிம் கியோங்-சுக் என்ற இளம்பெண் உயிரிழந்தார். ஜனாதிபதி பார்க் சுங்-ஹீயின் ஆட்சி ஆட்டங்கண்ட நிகழ்வுகளில் அதுவும் ஒன்று. அதே ஆண்டு ஒக்டோபரில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

மதமும் இதில் குறுக்கிட்டதுண்டு. 2004 மே மாதத்தில், இந்தியக் கோயில்களில் காணிக்கையான முடியில் செய்த பொய்முடியை அணியலாகாது என்று ஜெருசலேமின் மூத்த யூத மதகுரு எல்யாஷிவ் தீர்ப்பளித்தார். நியூயோர்க்கின் புருக்லினிலும் இஸ்ரேலின் ப்னேய் ப்ராக்கிலும் யூதப் பெண்கள் விலையுயர்ந்த பொய்முடிகளைத் தெருவில் குவித்துக் கொளுத்தினார்கள். 2020 ஜூலையில், சீனாவின் சின்ஜியாங்கிலிருந்து வந்த 13 தொன் முடிப் பொருட்களை அமெரிக்கச் சுங்கம் தடுத்து வைத்தது. கட்டாய உழைப்பில் செய்யப்பட்டவை என்ற சந்தேகமே காரணம். 2022 ஜனவரியில் இந்தியா மனித முடி ஏற்றுமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. உள்ளூரில் பதனிட்டு விற்றால் கிடைக்கும் வேலையும் வருமானமும், பச்சை முடியாகக் கடத்தப்பட்டு எல்லை தாண்டுகின்றன என்பது இந்தியத் தொழிற்துறையினரின் நீண்டகால முறைப்பாடு.

இத்தனை கைகள் மாறி வரும் பொருளில் முடியைக் கொடுத்தவளுக்குக் கிடைத்தது என்ன? நேர்ந்து கொடுத்தவள் காசு எதிர்பார்க்கவில்லை. சிக்கு முடி கொடுத்தவளுக்கு ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். பதனிடுதலும் பிராண்டும் விற்பனையும் நடக்கும் இடங்களில்தான் இலாபம் தங்குகிறது.

மலிவின் கணக்கு

தலைமயிர் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளரும். 24 அங்குல முடி என்றால் சுமார் அறுபது சென்ரிமீற்றர். அதாவது ஒருத்தியின் தலையில் ஐந்து வருடம் வளர்ந்தது. தலை நிறைந்து தெரிய இருநூறு கிராம் அளவுக்கு முடி தேவைப்படும். ஐந்து வருட வளர்ச்சியை வெட்டி, தரம் பிரித்து, கழுவி, தைத்து, கிளிப் வைத்து, கடல் கடத்தி, சுங்கமும் கூரியரும் கட்டி, இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்க எந்த வியாபாரியாலும் முடியாது. ஆகவே அந்த விலையில் ‘மனித முடி’ என்று வந்தால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும்: நார் கலந்திருக்கும், அல்லது எடை குறைந்திருக்கும், அல்லது அது சிக்கு முடியாக இருக்கும்.

கடைசியாகச் சொன்னதில்தான் நுட்பமான ஏமாற்று இருக்கிறது, ஏனெனில் அது மனித முடிதான். எரித்துப் பார்த்தாலும் தேறிவிடும். மயிரிழையின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள், கிடுகு வேய்ந்த கூரைபோல் வேரிலிருந்து நுனி நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். சிக்கு முடியில் வேரும் நுனியும் தலைமாறிக் கலந்திருப்பதால் செதில்கள் ஒன்றையொன்று கொழுவி முடிச்சுப் போடும். அதைத் தடுக்க அமிலத்தில் ஊறவைத்துச் செதிலையே கரைத்துவிட்டு, மேலே சிலிக்கோன் பூசுகிறார்கள். புதிதில் பட்டுப்போல் வழுகும். சில தடவை கழுவியதும் பூச்சுப் போய்விடும்; பிறகு பிடரியடியில் கட்டிபட்டு, சீப்பு இறங்காது. வாங்கியவர் தான் சரியாகப் பராமரிக்கவில்லை என்று தன்னையே நொந்துகொள்வார்.

எடைக் குறைப்பு இன்னும் எளிது. விளம்பரத்தில் நீளம் பெரிய எழுத்தில் இருக்கும், கிராம் இருக்காது. நீளத்திலும் ஒரு கணக்கு உண்டு. சுருள் முடியை இழுத்துப் பிடித்து அளந்த நீளத்தையே எழுதுவார்கள். தலையில் வைத்தால் சில அங்குலம் ஏறிவிடும். அடியில் அடர்த்தியாகவும் நுனியில் எலிவால் போலவும் முடிவது, குறுகிய இழைகளை நிறையச் சேர்த்துத் தைத்ததன் அடையாளம்.

திரையில் வாங்குவது

கடையில் பொருளைத் தொட்டுப் பார்ப்போம். வெயிலில் பிடித்து நிறம் பார்ப்போம். ‘இன்னொண்டு எடுங்க’ என்போம். திரையில் இவை மூன்றும் இல்லை. நிறத்தில்தான் நம் பெண்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். முடி வியாபாரத்தில் நிறத்துக்கு எண் உண்டு. ‘1’ என்பது மை போன்ற சாயக் கறுப்பு. வெயிலில் நீலம் அடிக்கும். ‘1பி’ என்பது இயற்கைக் கறுப்பு. எண்ணெய் வைத்து வளர்ந்த நம் தலைகளுக்குப் பெரும்பாலும் பொருந்துவது இதுதான். ‘2’ மிகக் கருமையான மண்ணிறம். ‘கறுப்பு’ என்று மட்டும் போட்டு ஓடர் செய்தால் வருவது பெரும்பாலும் ‘1’. மண்டப வெளிச்சத்தில் தெரியாத வித்தியாசம் பகல் படத்தில் பளிச்சென்று தெரியும்.

முகநூல், வட்ஸ்அப் கடைகளுக்கு டராஸ் போன்ற பெருந்தளங்களைவிட நம்மவர் அதிகம் போகிறார்கள். தமிழில் பேசலாம், கடனட்டை வேண்டாம், பொதி வந்தபின் காசு கொடுக்கலாம். கைக்குக் காசு என்ற இந்த முறை பாதுகாப்பு என்று எல்லோரும் நம்புகிறோம். ஆனால் கூரியர்க்காரர் காசை வாங்கிய பின்பே பொதியைத் திறக்கவிடுவார். அவர் விற்பனையாளர் அல்லர், திருப்பி எடுக்கவும் மாட்டார். பொதி திறந்தபின் விற்பனையாளரின் இலக்கம் பதில் சொல்லாவிட்டால், கைக்குக் காசு முற்பணம் கட்டியதைவிட மேலானதாக இருப்பதில்லை. இன்னொன்று: முடி சுகாதாரம் சார்ந்த பொருள் என்று காரணம் காட்டி, பொதி உடைத்ததைத் திருப்பி எடுக்கப் பல விற்பனையாளர்கள் மறுப்பார்கள். உடைக்காமல் உள்ளே இருப்பதை அறியவும் முடியாது.

தலைக்கும் நெருப்புக்கும்

கிளிப் முடி, ஒட்டும் முடியையும் தைக்கும் முடியையும்விடத் தலைக்குப் பாதுகாப்பானது. இரவில் கழற்றி வைக்கலாம் என்பதே காரணம். ஆனால் கனமான முடியை நெற்றியோரத்து மெல்லிய மயிரில் நாள்தோறும் கொழுவினால் வேர் இழுபட்டு, அந்த இடம் வெறுமையாகும். தொடக்கத்தில் நிறுத்தினால் திரும்ப முளைக்கும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் வேரே அழிந்து வழுக்கை நிலைத்துவிடும். காய்ச்சலுக்குப் பின் மயிர் கொட்டும்போது வாங்குபவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்கவேண்டும். மெலிந்திருக்கும் தலையில்தான் அவர்கள் பாரம் ஏற்றுகிறார்கள். மலிவுக் கிளிப்புகளில் நிக்கல் கலந்திருப்பதுண்டு. கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறவர்களுக்கு, நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையோடு சேர்ந்து அந்தக் கிளிப் உச்சந்தலையிலும் அரிப்பெடுக்க வைக்கும்.

நெருப்பைப் பற்றி விளம்பரங்கள் எதுவும் சொல்வதில்லை. நம் விசேஷங்கள் குத்துவிளக்கும் கற்பூரமும் ஆராத்தியும் இல்லாமல் நடப்பதில்லை. மொடக்ரிலிக் தானாக அணையும் தன்மையுள்ளது. பொலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். விளக்கேற்றக் குனியும் பெண்ணின் தோளிலிருந்து முன்னால் சரியும் முடி எது என்பது அப்போது சாதாரணக் கேள்வி அல்ல.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்

இலங்கையில் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. விவரணையைச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரணைக்கு ஒத்திருக்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பொய்யான விவரணையையும் தவறாக வழிநடத்தும் வியாபாரத்தையும் தடை செய்கிறது. வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடவேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் வழி கேட்கலாம். ‘மனித முடி’ என்று விற்றவர் நாரை அனுப்பினால் அது ‘என் தலைவிதி’ என்று விட்டுவிடும் விடயமல்ல.

நடைமுறையில் இடறுவது இரண்டு. முகநூல் கடைக்குப் பெரும்பாலும் பதிவும் இல்லை, விலாசமும் இல்லை. வாங்கியவரிடமோ ஆதாரம் இருப்பதில்லை. விளம்பரத்தின் திரைப்பிடிப்பு, உரையாடல், கூரியர் துண்டு, பொதியைத் திறக்கும்போது எடுத்த காணொளி என்ற நான்கையும் வைத்திருந்தால் முறைப்பாட்டுக்குப் பலம் வரும். இரண்டாயிரம் ரூபாய்க்காக யார் அலைவது என்று எல்லோரும் நினைப்பதில்தான் இந்த வியாபாரத்தின் பாதுகாப்பு இருக்கிறது.

அதிகாரசபைக்கு இன்னொரு வலுவும் உண்டு. பொருட்களின் சிட்டை, பொதியிடல், விலை குறிப்பிடல் பற்றி வியாபாரிகளுக்குப் பொதுப் பணிப்புரை விடுக்க அதே சட்டம் இடமளிக்கிறது. முடிப் பொருள் எதிலும் நாரின் வகை, கிராம் கணக்கில் எடை, இறக்குமதியாளரின் பெயரும் விலாசமும் ஆகிய மூன்றும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடப்படவேண்டும் என்று ஒரு பணிப்புரை வந்தால், இங்கே பேசிய ஏமாற்றுகளில் பாதி தானாகவே அடங்கும். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.

முடிவாக

தேவையைப் பொறுத்தே தெரிவு. ஒருநாள் விசேஷத்துக்கும் மேடைக்கும் படத்துக்கும் செயற்கை நார் போதும். இருநூறு கிராம் எடையும் ‘1பி’ நிறமும் பார்த்து வாங்கினால் பல விசேஷங்களுக்கு வரும். அடிக்கடி ஆடும் நடனப் பிள்ளைக்குக் கிளிப் முடியைவிடப் பழைய சவுரியே உறுதியானது. பின்னலுக்குள் இறுகி நிற்கும், அடவு போடும்போது கழலாது. தினமும் அணியவேண்டிய நிலையில் உள்ளவர் மனித முடிக்குப் போகலாம். ஆனால் அதன் விலை ஆயிரங்களில் முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு, தொட்டுப் பார்த்து வாங்கக்கூடிய கடையில் வாங்கவேண்டும். காய்ச்சலுக்குப் பின் கொட்டியவர் காசைச் செலவழிக்குமுன் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையிலோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ ஒருமுறை காட்டுவது நல்லது. பலருக்குச் சில மாதங்களில் மயிர் தானாகவே முளைத்துவிடும்.

எதை வாங்கினாலும் ஓடருக்கு முன் நான்கு கேள்விகளை எழுத்தில் கேட்கவேண்டும்: நாரா முடியா, எத்தனை கிராம், நிற எண் என்ன, திருப்பி எடுப்பீர்களா. நேர்மையான வியாபாரிக்கு இந்த நான்குக்கும் பதில் சொல்ல ஒரு நிமிடம் போதும். ‘ஃபஸ்ட் குவாலிட்டி அக்கா, பயப்படாதீங்க’ என்று மட்டும் பதில் வந்தால், அந்தக் கடையில் விற்பனைக்கு இருப்பது முடியல்ல, நம் அறியாமை.